கந்தோர் இல்லாத உத்தியோகம்

எங்கள் லயத்தின் கடைசிக் காம்பராவில் முதியவர் ஒருவர் வசிக்கின்றார். நாற்பது ஆண்டுகள் தேயிலையில் கவ்வாத்து வெட்டி ஓய்ந்த கைகள் அவருடையவை. அவரைத் தாத்தா என்று நான் அழைப்பது இரத்த உறவினால் அன்று. ஒரே தகரக் கூரையின் கீழ் பிறந்து வளர்ந்த உறவினால். காலையில் பீலிக்குத் தண்ணீர் எடுக்கச் செல்லும்போது என்னைக் கண்டால் அவர் தவறாமல் கேட்பதொன்று உண்டு.

"ஏம் பாப்பா, வேலைக்குப் போகலையா?"

"இனிமேத்தான் தாத்தா ஆரம்பிக்கணும்."

"எங்கதான் இருக்கு அந்த வேலை?"

"நம்ம காம்பராவுக்குள்ளயே."

அவர் சிரித்துக்கொண்டே தலையை அசைப்பார். மலைக்குப் போவது வேலை. ஸ்டோருக்குப் போவது வேலை. கொழும்பிலே கடைக்கும் வீட்டுக்கும் போவது வேலை. படித்த பிள்ளையாயின் பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியராகப் போவது வேலை. எங்கும் போகாமல் இஸ்தோப்பைத் தாண்டாமல் ஒருத்தி செய்வதும் வேலையாகுமோ என்ற ஐயம் அவருடைய சிரிப்பிலே இருக்கும். ஐந்து ஆண்டுகளாக இவ்வேலையைச் செய்து வரும் எனக்கும் அந்த ஐயம் முற்றாக நீங்கியது என்று சொல்வதற்கில்லை.

நான் பணிபுரியும் நிறுவனத்துக்குக் கந்தோர் என்று ஒன்று எந்த ஊரிலும் கிடையாது. ஸ்டார்ட்அப் என்று உலகம் அழைக்கும் சின்னஞ்சிறு தொடக்க நிறுவனங்களுள் அதுவும் ஒன்று. 2021-ஆம் ஆண்டில் நான் சேர்ந்தபொழுது எங்கள் தொகை 14; நாங்கள் இருந்த நாடுகள் ஏழு. சிறு கடைக்காரர் தம் வரவு செலவைக் கைத்தொலைபேசியில் எழுதி வைப்பதற்கான மென்பொருளைச் செய்து விற்பது எங்கள் தொழில். அதைப் பிறர் ஆக்குவர், நான் சோதிப்பேன். கடைக்காரர் எந்தெந்த இடத்தில் தடுமாறுவார், எந்தத் தொகை தவறாகக் கூட்டப்படும் என்று தேடிக் கண்டுபிடித்து எழுதுவது என் கடமை. என்னோடு நாள்தோறும் வேலை செய்பவர் எவரையும் இன்று வரை நான் நேரிற் கண்டதில்லை.

இத்தகைய நிறுவனங்கள் உலகிற் பல உள்ளன. அவற்றுட் பெரியவற்றுள் ஒன்றான கிட்லாப், அறுபதுக்கு மேற்பட்ட நாடுகளில் ஊழியரைக் கொண்டது. 2021 ஒக்டோபரில் அது அமெரிக்கப் பங்குச் சந்தையிற் பதிவாகியபோது, சமர்ப்பித்த பத்திரத்தில் தலைமையகத்தின் முகவரியை எழுத வேண்டிய இடத்தில், முகவரி பொருந்தாது என்றே எழுதியிருந்தது. இச்செய்தியைப் படித்த அன்று நான் தனியாக இருந்து சிரித்தேன். அதற்கான காரணத்தை விளக்க, எனக்கு வந்த முதற் பொதியின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

வேலையில் அமர்த்திய கையோடு நிறுவனம் எனக்கு ஒரு மடிக்கணினியை அனுப்ப முன்வந்தது. வீட்டு இலக்கம், வீதி, நகரம் என்று மூன்று கட்டங்கள் கொண்ட படிவம் வந்தது. வீட்டு இலக்கம் எனக்கு இல்லை. வீதியும் இல்லை. அட்டனிலிருந்து நோர்வூட் வழியாகப் பொகவந்தலாவைக்குப் போகும் பாதையில் பஸ்ஸை விட்டிறங்கி, முக்கால் மணி நேரம் தேயிலைக்குள் ஏறினால் வருகின்ற மேட்டு லயம் எங்களுடையது. தோட்டத்தின் பெயர், டிவிசனின் பெயர், தந்தையின் பெயர் ஆகிய மூன்றுமே எங்கள் முகவரி. கடிதங்கள் தோட்டத்து ஆபீசுக்கு வரும். அங்கிருந்து யாரேனும் கொண்டுவந்தால் எங்களுக்கு வரும். நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு பரீட்சை முடிந்த பின் வந்து சேர்ந்த கதைகள் எங்கள் லயத்தில் இரண்டு வீட்டிலேனும் உண்டு. அட்டன் வரை வந்த பொதிக்காரர் தொலைபேசியில் அழைத்து, "இலக்கம் இல்லாத வீட்டை எப்படித் தேடுவது?" என்று கேட்டார். பொதியை நானே பஸ் ஏறிப் போய் வாங்கி வந்தேன்.

முகவரியே தேவையில்லை என்று பெருமிதத்தோடு எழுதுகிறது ஒரு நிறுவனம். முகவரியே கிடைக்காமல் ஐந்து தலைமுறை வாழ்ந்திருக்கிறது ஒரு சமூகம். இரண்டு இன்மையும் ஒன்றல்ல என்பதை உணர்த்துவதற்கே இதைக் கூறினேன்.

*

எங்கள் வீட்டில் இரண்டு பெரட்டுகள் நடைபெறுகின்றன. முதலாவது அம்மாவுடையது. இருள் பிரியுமுன் எழுந்து, ரொட்டி சுட்டு, சாயம் ஊற்றிக் குடித்து, படங்கை இடுப்பிற் சுற்றிக்கொண்டு பெரட்டுக்களத்துக்குப் போய்விடுவார். அங்கே பெயர் கூப்பிடப்படும். இன்ன மலை, இன்ன நிரை என்று பிரித்து அனுப்பப்படும். மாலையில் நிறுவைக்குப் பின் அன்றைய 'பேர்' விழும். எங்கள் மலைநாட்டிலே ஒரு நாளைய உழைப்புக்குப் பேர் என்பதே பெயர். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். ஒரு மனிதனின் பெயரே அவன் கூலியின் அளவாக மாறிய விந்தையை, அதைச் சொல்லிச் சொல்லிப் பழகிய நாங்கள் கவனிப்பதில்லை.

இரண்டாவது பெரட்டு என்னுடையது. காலை ஒன்பதரை மணிக்குக் கணினியைத் திறந்து மூன்று விடைகள் எழுத வேண்டும்: நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்யப் போகிறேன், எது என்னைத் தடுக்கிறது. பதினான்கு பேரும் தத்தம் ஊரில் விடிந்ததும் இவ்வாறே எழுதுவர். அப்போது என் பெயருக்கருகே சிறு பச்சைப் புள்ளியொன்று தோன்றும். அதுவே என் வருகைப் பதிவு. அம்மாவின் பெரட்டிலே இல்லாத ஒரு கேள்வி என்னுடையதில் இருக்கிறது என்பதை வெகு காலம் கழித்தே உணர்ந்தேன். எது உன்னைத் தடுக்கிறது என்று பெரட்டுக்களத்தில் அம்மாவை எவரும் கேட்டதில்லை.

கந்தோர் இல்லாத வேலையின் உயிர் எழுத்திலே இருக்கிறது. ஒரே கூடத்தில் இருப்போர் மேசையருகே சென்று கேட்டுத் தெளிவதை எல்லாம் நாங்கள் எழுதியே தெளிய வேண்டும். கனடாவில் இருப்பவர் உறங்கும்போது நான் விழித்திருப்பேன். நான் உறங்கும்போது அவர் என் குறிப்பைப் படிப்பார். அதில் ஒரு சொல் தெளிவற்றிருந்தால் ஒரு நாள் வீணாகும். ஆதலால், என்ன செய்தேன், என்ன நிகழும் என்று எதிர்பார்த்தேன், உண்மையில் என்ன நிகழ்ந்தது என்ற மூன்றையும் ஐயத்துக்கு இடமின்றி எழுத நான் பழகிக்கொண்டேன். பாடசாலையில் எங்கள் விஞ்ஞான ஆசிரியர் பரிசோதனைக் குறிப்பை இந்த ஒழுங்கிலேதான் எழுதச் செய்வார். ஒழுங்கு தவறினால் கொப்பி திரும்பி வரும். மாணவர்க்கு எத்தனையோ கணினி மொழிகளைக் கற்பிக்கலாம். எனக்கு நாள்தோறும் சோறு போடுவது அந்தக் கொப்பியிற் கற்ற ஒழுங்கு. ஆசிரியர்கள் இதைக் கேட்டு மகிழக்கூடும் என்பதால் குறிப்பிடுகின்றேன்.

எழுத்துக்கு ஒரு குறையும் உண்டு. அது முகத்தைக் காட்டாது. "இதை மீண்டும் பார்க்கவும்" என்று ஒருவர் எழுதினால், அவர் கோபத்தோடு எழுதினாரா, அவசரத்தில் எழுதினாரா, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கையால் எழுதினாரா என்று அறிய வழியில்லை. முதல் ஆண்டில் இத்தகைய ஒற்றை வரிகளைப் பற்றி எண்ணி எண்ணி இரவு பல விழித்திருக்கிறேன். எழுதியவரோ அதை எழுதியதையே மறந்திருப்பார்.

*

இது நம் காலத்துப் புதுமை என்று பலர் எண்ணுகின்றனர். அது முற்றிலும் சரியன்று. 1962-இல் இங்கிலாந்தில் ஸ்டெபனி ஷேர்லி என்ற பெண்மணி, வெறும் ஆறு பவுண் முதலோடு ஒரு மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கினார். திருமணத்துக்கும் மகப்பேற்றுக்கும் பின்னர் வேலையை இழந்த பெண்களை அவர்கள் வீட்டிலிருந்தே நிரல் எழுதச் செய்தார். முதல் 300 ஊழியரில் 297 பேர் பெண்கள். வாடிக்கையாளர் தொலைபேசியில் அழைக்கும்போது குழந்தையின் அழுகை கேட்டுவிடக் கூடாதென்று, தட்டச்சு இயந்திரத்தின் ஓசையை ஒலிநாடாவிற் பதிந்து பின்னணியில் ஒலிக்கவிட்டாராம். என் கூட்டங்கள் நடக்கும் வேளையிலே பக்கத்துக் காம்பராவின் வானொலியும், சேவலும், பீலியடிச் சண்டையும் பலகைச் சுவரைத் தாண்டி வரும்போது அந்த அம்மையாரை நான் நன்றியோடு நினைத்துக்கொள்வதுண்டு.

நம் நாட்டிலும் ஒரு முன்னோடி இருந்தார். 1956-இல் இலங்கைக்கு வந்து குடியேறிய எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க், விண்ணிலே நிலைத்து நிற்கும் செய்மதிகளால் உலகெங்கும் செய்தி பரப்பலாம் என்று 1945-இலேயே கட்டுரை எழுதியவர். மனிதர் தாம் விரும்பிய தீவில் இருந்துகொண்டே இலண்டனில் இருப்பதைப் போல் தொழில் நடத்தும் காலம் வரும் என்று 1964-இல் பிபிசி தொலைக்காட்சியிற் சொன்னார். சொன்னதோடு நில்லாமல், தம் நாவலொன்று திரைப்படமாகியபோது, 1983-இல் கொழும்பில் இருந்தபடியே கேப்ரோ என்ற கணினியையும் தொலைபேசி இணைப்பையும் கொண்டு, லொஸ் ஏஞ்சலிஸில் இருந்த இயக்குநர் பீட்டர் ஹயம்ஸுடன் நாள்தோறும் எழுதி எழுதியே ஆலோசனை நடத்தினார். அன்று கொழும்பில் அவருக்கு வாய்த்தது, இன்று அட்டன் மேட்டு லயத்தில் எனக்கு வாய்த்திருக்கிறது.

ஆனால் எங்கள் மலையின் கதை இவ்விருவருக்கும் முந்தியது. 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலையைப் பயிரிட்ட பின்னர் எழுந்த தோட்டங்களிற் பலவற்றின் உரிமையாளர் எங்கே இருந்தனர்? இலண்டனில். பங்குதாரர் தம் மலையை ஒருநாளும் மிதித்திலர். கொழும்பில் இருந்த முகவர் கம்பனிகள் இடையில் நின்றன. தந்தியிலும் தபாலிலும் கட்டளைகள் வந்தன. அறிக்கைகளும் கணக்குகளும் போயின. கொழும்பில் 1883-இல் ஏலம் தொடங்கிய பின்னரும் இலண்டன் ஏலம் 1998 வரை நீடித்தது. கொழும்பு ஏலமும் 2020 ஏப்ரலில் நோய்த்தொற்றுக் காலத்திலே கணினிக்குள் புகுந்துவிட்டது. தேயிலையை வாங்குவோரும் விற்போரும் இன்று ஒரே கூடத்திற் கூட வேண்டியதில்லை. ஆகவே, தொலைவிலிருந்து வேலை வாங்குவது இம்மலைக்குப் புதிதன்று. இம்மலையில் இருந்துகொண்டு தொலைவுக்கு வேலை செய்வதே புதிது. ஒன்றரை நூற்றாண்டாகத் தூரம் என்ற வசதி எசமானுக்கே உரியதாயிருந்தது. எங்கும் பெயர முடியாதவளாய், செடியோடு செடியாக நின்றவள் தொழிலாளி. அந்த வசதியின் ஒரு சிறு பங்கு முதன்முறையாக எங்கள் பக்கம் வந்திருக்கிறது என்றே நான் கருதுகிறேன்.

அதன் பயன் சொற்பமன்று. என்னோடு படித்த பெண்களிற் பலர் கொழும்பிலே ஆடைத் தொழிற்சாலைகளிலும் கடைகளிலும் இருக்கின்றனர். தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வருவர், போவர். வீட்டாரின் அச்சத்தினால் எங்கும் போகாமலே படிப்பை முடித்துக்கொண்டு இருந்துவிட்டோரும் உண்டு. நான் அம்மாவோடு இருக்கிறேன். அவருக்குக் காய்ச்சல் கண்டால் கஞ்சி வைத்துக் கொடுக்க முடிகிறது. மலையை விடாமலே மலைக்கு வெளியே சம்பாதிக்க முடிகிறது. தமிழ்நாட்டில் தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் ஸோஹோ நிறுவனத்தார் செய்ததைப் பலரும் அறிவர்; அவர்கள் கந்தோரைக் கிராமத்துக்குக் கொண்டு வந்தனர். எங்கள் மலைகளுக்கு அத்தகைய கந்தோர் இன்னும் வரவில்லை. எனக்கு வந்தது கந்தோர் இல்லாத வேலை மாத்திரமே.

*

இனி, அதன் மறுபக்கம்.

எங்கள் மலைகளில் விழும் நீரைக் கொண்டு 1950-இல் இலட்சபானை நிலையம் மின்சாரம் எடுக்கத் தொடங்கியது. கம்பிகள் லயங்களின் தலைக்கு மேலாகவே கொழும்புக்குப் போயின. லயங்களிலோ அதன் பின்னும் பல பத்தாண்டுகள் குப்பி விளக்கே எரிந்தது. இன்று எங்களுக்கும் மின்சாரம் உண்டு. ஆனால் 2022 மார்ச் இறுதியில் நாடெங்கும் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு அறிவிக்கப்பட்டபோது என் பச்சைப் புள்ளி அணைந்து அணைந்து எரிந்தது. கணினியைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு, மின்பிறப்பாக்கி உள்ள அட்டன் கடையொன்றின் பின்புறத்தில் மாச்சாக்குகளின் நடுவே இருந்து வேலை செய்தேன். சமிக்ஞை கிடைக்காத மழை நாட்களில் குடையோடு மேட்டுக்கு ஏறுவேன். 2020-இல் பாடசாலைகள் மூடப்பட்டிருந்தபோது எங்கள் டிவிசனின் பிள்ளைகள் ஒரு கைத்தொலைபேசியைச் சுற்றி அமர்ந்து பாடம் கேட்ட அதே மேடுதான் அது.

அந்த 2022-ஆம் ஆண்டிலேயே இன்னொன்றும் நிகழ்ந்தது. அதைச் சொல்ல நாணமாக இருக்கிறது. எனினும் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. என் சம்பளம் டொலரிலே கணக்கிடப்படுவது. மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்தது. மே மாதத்தில் 360 ரூபாயளவுக்கு ஏறிவிட்டது. நான் ஒரு வரி கூடுதலாக எழுதவில்லை. என் வருமானம் பெருகியது. அம்மாவின் நாட்கூலியோ 2021-இல் நீண்ட போராட்டத்தின் பின் கிடைத்த அதே 1000 ரூபாய். அதற்கு வாங்கக்கூடிய கோதுமை மா மாத்திரம் குறைந்துகொண்டே போயிற்று. ஒரே அடுப்பிலே சமைத்து உண்ணும் இருவரில் ஒருத்தியின் உழைப்பு நாணய வீழ்ச்சியால் ஏறியது. மற்றவளின் உழைப்பு அதே வீழ்ச்சியால் இறங்கியது. அம்மா கொழுந்து பறித்த தேயிலையும் டொலருக்கே விலைபோகிறது என்பதை நினைத்தபோது என் நாணம் கோபமாக மாறியது.

மறு ஆண்டிலே எங்கள் நிறுவனத்துக்கு முதலீடு வருவது தடைப்பட்டது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை எல்லோரையும் திரையிற் கூட்டினர். கூட்டம் பதினைந்து நிமிடம் நீடித்தது. நால்வர் நீக்கப்பட்டனர். கூட்டம் முடிந்து நான் சாயம் ஊற்றிக்கொண்டு திரும்பி வருமுன் அந்நால்வரின் பெயர்களும் பட்டியலிலிருந்து மறைந்துவிட்டன. இரண்டாண்டு காலம் நாள்தோறும் என்னோடு எழுதிய ஒரு பெண்ணுக்கு நான் போய் வருக என்றுகூடச் சொல்ல முடியவில்லை. அவளுடைய சொந்த முகவரி என்னிடம் இல்லை. முற்காலத்தில் தோட்டம் விட்டுத் தோட்டம் போகும் தொழிலாளியின் கடனை எழுதிக் கொடுத்த துண்டு முறையைப் பற்றி எங்கள் முதியோர் சொல்வர். அக்கொடுமை 1921-இல் ஒழிக்கப்பட்டது. அது அடிமைச் சீட்டு என்பதில் ஐயமில்லை. இவர்களுக்கோ துண்டும் இல்லை. ஒரு பெயர் இருந்தது, பின்னர் அது இல்லை.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. எங்கள் சமூகம் பெற்ற எதுவும் கூடி நின்று பெற்றது. கோ. நடேசையர் 1931-இல் தோட்டத் தொழிலாளருக்கென்று சங்கம் அமைத்தார். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டப் போராட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிசாரின் குண்டுக்கு இரையானார். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராக்களில் நெருக்கி அடைக்கப்பட்டிருந்த மக்கள், அந்த நெருக்கத்தையே தம் பலமாக மாற்றிக்கொண்டனர். இரகசியம் பேச ஓர் இஸ்தோப்பு இருந்தது, பெரட்டுக்களம் இருந்தது, கோவில் முற்றம் இருந்தது. நீக்கப்பட்ட அந்நால்வரும், எஞ்சிய நாங்கள் பத்துப் பேரும் எந்த இஸ்தோப்பில் கூடுவோம்? நாங்கள் பேசக்கூடிய ஒரே கூடம் நிறுவனத்தாருடையது. அங்கே எழுதப்படும் ஒவ்வோர் எழுத்தும் அவர்களிடமே இருக்கும். இடத்தைத் துறந்த வேலை, தன்னோடு கூடுமிடத்தையும் துறந்துவிடுகிறது.

ஆயினும் அவர்களை அன்பற்றவர் என்று நான் கூறமாட்டேன். 2025 நவம்பர் இறுதியிலே தித்வா புயல் மலைநாட்டைச் சிதைத்தது. பல நூறு உயிர்கள் போயின. மண்சரிவினால் பாதைகள் மூடுண்டன. எங்கள் பக்கத்தில் மின்சாரமும் தொலைபேசியும் நாட்கணக்கில் அற்றுப்போயின. தொடர்பு மீண்டபோது என் கணினியில் அறுபதுக்கு மேற்பட்ட செய்திகள் காத்திருந்தன. ஒருவர் வரைபடத்திலே எங்கள் மலையைத் தேடிக் கண்டு, சரிவு நேர்ந்த இடங்களையும் அதிற் குறித்து, "நீ இதற்குள் எந்த இடத்தில் இருக்கிறாய்?" என்று கேட்டிருந்தார். உதவி அனுப்ப முனைந்த இன்னொருவர், எங்கே அனுப்புவது என்றறியாமல் அதே பழைய கேள்வியைக் கேட்டிருந்தார்: வீட்டு இலக்கம் என்ன? அச்செய்திகளைப் படித்துக் கண் கலங்கினேன். ஆனால் அந்த நாட்களில் எங்கள் இஸ்தோப்பை மூடிய சேற்றை மண்வெட்டியால் அள்ளியவர்கள் பக்கத்துக் காம்பராக்காரர்களே. தாத்தா அந்த முதுமையிலும் ஒரு கூடையை எடுத்துக்கொண்டு வந்து நின்றார்.

*

இவ்வாறு ஒருபுறம் வைத்து எண்ணி, மறுபுறம் வைத்து எண்ணி நான் வந்து சேரும் இடம் ஒன்றே. அது எங்கள் காம்பரா.

இந்தக் காம்பரா எங்களுடையதன்று. தோட்டங்கள் 1972-இலும் 1975-இலும் அரசுடைமையாயின. 1992-இல் அவற்றின் நிர்வாகம் கம்பனிகளிடம் சென்றது. கைகள் மாறினும் லயத்தின் விதி மாறவில்லை. குடும்பத்தில் ஒருவரேனும் தோட்டத்திற் பெயர் பதிந்து வேலை செய்தால் காம்பராவில் இருக்கலாம் என்பதே எங்கள் தோட்டத்தில் நாங்கள் அறிந்த வழக்கம். எங்கள் வீட்டில் அந்தப் பெயர் அம்மாவுடையது. அவருக்கு வயது 57. சென்ற ஆண்டு தோட்டத்து உத்தியோகத்தர் ஒருவர் வந்து, அம்மா நின்ற பின்னர் இந்த வீட்டிலிருந்து மலைக்கு யார் வருவார் என்று விசாரித்துப் போனார். கணினி வைத்துக்கொண்டு உலகமெங்கும் வேலை செய்யும் மகள் இருக்கிறாள் என்பது அவருடைய புத்தகத்தில் எழுதக்கூடிய விடையாக இல்லை.

1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் எங்கள் முன்னோரை ஒரே எழுத்தில் நாடற்றவராக்கியது. 1964-இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மனிதரைப் பங்கிட்டது. என் பாட்டியின் தமையன் கப்பலேறினார்; பாட்டி இங்கேயே நின்றார். எஞ்சியோரின் குடியுரிமைச் சிக்கல் 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் தீர்வு கண்டது. நாடு கிடைத்துவிட்டது. ஏழு பேர்ச் காணியும் உறுதிப்பத்திரமும் தனி வீடும் சில இடங்களிற் கிடைத்திருக்கின்றன. இந்திய உதவியோடு எழுந்த வீடுகளையும் கண்டிருக்கிறோம். ஆயினும் எங்கள் மேட்டு லயத்தைப் போன்ற எத்தனையோ லயங்கள் இன்னும் வரிசையிலே காத்து நிற்கின்றன.

எங்கிருந்தும் வேலை செய்யலாம் என்று என் நிறுவனம் விளம்பரப்படுத்துகிறது. எங்கிருந்தும் என்ற சொல்லுக்குள்ளே, இருப்பதற்கு ஓர் இடம் உண்டு என்பது அடங்கியிருக்கிறது. வீடுள்ளவர்க்கு அது விடுதலை. வேலையோடு வீடு கட்டுண்டு கிடக்கும் எங்களைப் போன்றோர்க்கு அந்தக் கட்டு அவிழ்ந்தால்தான் அது விடுதலையாகும். ஆகையால், மலையகத்து இளைஞருக்குக் கணினி கொடுப்போம், பயிற்சி கொடுப்போம் என்று மேடைகளிற் கூறும் பெரியோர்களை நான் கேட்பது ஒன்றே. கணினியை வைப்பதற்கு ஒரு மேசை வேண்டும். மேசையைப் போடுவதற்கு எவரும் வந்து கேள்வி கேட்க இயலாத நான்கு சுவர்கள் வேண்டும். அச்சுவரிலே ஓர் இலக்கம் வேண்டும். அவற்றைக் கொடுத்தால், மற்றதை எங்கள் பிள்ளைகள் தாமே தேடிக்கொள்வர்.

இப்போது மாலைகளில் எங்கள் இஸ்தோப்பில் ஆறேழு பிள்ளைகள் கூடுகின்றனர். என் பழைய மடிக்கணினியை நடுவில் வைத்து, பிழையொன்றைக் கண்டால் அதை எவ்வாறு எழுதுவதென்று நான் சொல்லிக் கொடுக்கிறேன். என்ன செய்தாய், எதை எதிர்பார்த்தாய், என்ன நடந்தது? முந்தாநாள் தாத்தா வந்து சுவரிற் சாய்ந்தபடி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் போன பின் மெல்லக் கேட்டார்.

"அப்ப பாப்பா, நெசமாவே வேலை இங்கதானா?"

"ஆமா தாத்தா, இங்கதான்."

அவர் கதவு நிலையைக் கையாலே தடவிப் பார்த்தார்.

"அப்படின்னா இந்தக் காம்பராவ நம்ம பேருக்கு எழுதித் தருவாங்களா?"

எழுதித் தெளிவுபடுத்துவதையே தொழிலாகக் கொண்ட எனக்கு அந்தக் கேள்விக்கு எழுத விடை கிடைக்கவில்லை. அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. தாத்தாவுக்குச் சாயம் ஊற்ற உள்ளே போனேன்.